காட்டுங்க அக்கா

எங்கள் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் பெண்மணிக்குப் பதிவேட்டில் உள்ள பெயர் மருந்தாளுநர். அப்படிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் 'காட்டுங்க அக்கா'. எழுபது வயதுக் கிழவரும் அக்கா என்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அக்கா என்பார்கள். அவருக்கு வயது நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்தெட்டு. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பத்தொன்பது வருடப் பழக்கத்தை இனிமேல் மாற்றிக்கொள்ள முடியாது.

நான் அங்கே வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவன். 'டாக்டர் எட்டரைக்கு வருவார்' என்று பெரிய எழுத்தில் எழுதி என் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "டாக்டர் எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காகவே கேட்கிறார்களோ என்று சில நாளாகச் சந்தேகம்.

என் மேசையிலிருந்து நாலு எட்டு வைத்தால் மருந்து ஜன்னல். முன்பு அது முழுக்க மங்கிய கண்ணாடி. நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்கிறவரின் முகம் தெரியாது. அக்கா பதினோரு வருடம் அந்த ஓட்டை வழியாகக் கைகளுக்கு மருந்து கொடுத்தார். சீட்டு உள்ளே போகும், மாத்திரை அட்டை வெளியே வரும், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று குரல் கேட்கும். அவருக்கு மனிதர்களை நகத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

அதில் ஒரு கைக்குக் கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கும். சர்க்கரை மாத்திரை வாங்குகிற கை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்துவிடும். நான்கு வருடத்தில் ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஒரு திங்கட்கிழமை அது வரவில்லை. அடுத்த வாரம் வேறொரு இளங்கை பெரிய பையை ஓட்டை வழியாகத் தள்ளப் பார்த்தது. பை நுழையவில்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"அப்பா போயிட்டாருங்க. இதெல்லாம் அப்படியே இருக்கு. வேற யாருக்காவது ஆகட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றான் அந்தப் பையன்.

நான்கு வருட மாத்திரை. முதல் அட்டையைத் தவிர ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. முதல் வாரம் சாப்பிட்டபோது வயிற்றைப் புரட்டியிருக்கிறது, மனிதர் நிறுத்திவிட்டார். வாங்காமல் விட்டால் டாக்டர் மனசு சங்கடப்படும் என்று மாதாமாதம் வாங்கி மட்டும் வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை.

"வயித்தப் புரட்டுதான்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா போதும். சாப்பாட்டோட சேத்துப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா. அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அதன் பிறகு எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார். கேட்டதில் ஒன்று தெரிந்தது: கேட்டுப் பிரயோஜனமில்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் பூமியில் உள்ள அத்தனை பேரும் "ஆமா" என்கிறார்கள். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, "வீட்டுல இருக்கிற மருந்தையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டு வந்து காட்டுங்க" என்றார். பெயர் அப்படி வந்ததுதான்.

சில வருடம் கழித்து, டாக்டருக்குக் கூட்டம் தாங்கவில்லை என்று மேலிடத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். செவ்வாயும் வியாழனும் சர்க்கரைக்காரர்கள் முதலில் மருந்தாளுநரைப் பார்க்க வேண்டும். அவர் மருந்தைச் சரிபார்த்து டாக்டருக்குக் குறிப்பு எழுத வேண்டும். அதற்காக அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். அதுவரை அது துடைப்பம் வைக்கும் அறையாக இருந்தது. துடைப்பங்கள் என் மேசைக்குப் பின்னால் வந்துவிட்டன. இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலையில் எண்பது பேர். காகிதத்தைப் பார்ப்பார், எண் ஏறியிருந்தால் மருந்தை ஏற்றுவார், நேரம் இருந்தால் முகத்தையும் பார்ப்பார். எண் ஏன் ஏறியது என்று பார்ப்பது அக்காவின் வேலை. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையை ஒரு பெண்மணி பொடியாக இடித்துப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் இன்சுலின் கெட்டுப்போகக் கூடாது என்று ஐஸ்கட்டிக்கு நடுவில் வைத்துக் கெட்டுப்போகச் செய்துகொண்டிருந்தார். சோதனைக்கு முந்தின நாள் பட்டினி கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அக்கா யாரையும் திட்டியதில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுக்கும்.

வீட்டிலும் அவர் இப்படித்தான். கணவர் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார், அதிகம் பேசாதவர். "காட்டுங்க" என்று இவர் எதற்காகச் சொன்னாலும் அவர் முதலில் நாக்கை நீட்டிவிடுவார் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இனி என் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். என் தங்கை கணவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. பல்பு மாற்றச் சொன்னால் என் தங்கையை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று பிடித்துக்கொள்வார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மனிதர் வேறு, முதுகு நிமிர்ந்துவிடும். பிரேக் போட்டதே யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக இன்சுலின். காலையில் ஓர் ஊசி, பதினாலு யூனிட்டில் ஆரம்பித்தது. டியூட்டிக்கு நேரமாகிறது என்பார், நான் அவரை அக்காவின் வரிசையில் நிறுத்தாமல் நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். எண் இறங்கவில்லை, டாக்டர் இருபது ஆக்கினார். இறங்கவில்லை, இருபத்தெட்டு. பிறகு முப்பத்தாறு. கடைசியில் நாற்பத்துநாலு. அப்போதும் எண் மலை மாதிரி அங்கேயே நின்றது.

"நாப்பத்துநாலு போட்டும் இறங்கலைன்னா அது சர்க்கரை இல்ல மச்சான், சனியன்" என்றார் மாப்பிள்ளை.

இந்த நிலையில் பஸ் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. இரத்தத்தில் ஒரு சோதனை இருக்கிறது. மூன்று மாதமாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்று சராசரி சொல்லிவிடும், முந்தின நாள் பட்டினியெல்லாம் அதனிடம் பலிக்காது. அந்த எண் பத்து வாரத்துக்குள் ஒன்பதுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையின் எண் பதினொன்று புள்ளி இரண்டு. கடிதத்தை என் தங்கை நாலு முறை படித்தாள். அவர் ஒரு முறைகூடப் படிக்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

வியாழக்கிழமை இரண்டு பேரையும் அக்காவின் அறைக்கு அழைத்துப் போனேன். சொந்தக்காரன் என்கிற உரிமையில் நானும் உள்ளே நின்றேன். வெளியே டோக்கனுக்கு நின்றவர்கள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மருந்துப் பையைப் பார்த்தார். தேதி சரி, வைக்கிற இடம் சரி, ஊசி புதிது. "எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்கண்ணா" என்றார்.

மாப்பிள்ளை சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கம் ஊதா நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் தோல் சின்னப் பந்து மாதிரி புடைத்திருந்தது.

அக்கா விரலால் அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லக்கா. அங்க வலிக்கவே வலிக்காது. அதான் வசதி."

"இந்த வட்டம் எப்படி வந்தது?"

"நான்தான் போடுறேன்" என்றாள் என் தங்கை, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. "துணியில பேர் எழுதுற பேனாவால. குளிச்சாலும் போகாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதே இடத்துல திரும்பப் போட்டுடுவேன். மூணு வருஷத்துல ஒரு வாரம் விட்டதில்ல."

"மொத வட்டம் யார் போட்டது?"

"எங்க அண்ணன்."

இப்போது நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளைக்கு இன்சுலின் எழுதிய வாரம் எங்கள் நர்ஸ் பிரசவ விடுப்பில் இருந்தார். அவர் சொல்லிக்கொடுப்பதை நான் என் மேசையிலிருந்து இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பேனாவால் வட்டம் போட்டு, "இங்க" என்பார். இதில் என்ன பெரிய வித்தை என்று நானே என் தங்கை வீட்டுக் கூடத்தில் வைத்து வட்டம் போட்டுக் காட்டினேன். "இது அழியாமப் பாத்துக்கோ" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டும் வந்தேன். நர்ஸ் போடும் வட்டம் முதல் நாளுக்கு மட்டும் என்பதும், மறுநாள் குளித்தால் அது போய்விட வேண்டும் என்பதும், ஊசியைத் தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும் என்பதும் நான் கேட்காத பாதியில் இருந்திருக்கின்றன.

ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு கட்டிக்கொள்ளும், போடுகிற மருந்து சரியாக இரத்தத்துக்குப் போகாது என்று அக்கா விளக்கினார். மூன்று வருடமாக டாக்டர் ஏற்றிய யூனிட்டெல்லாம் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறது. எனக்குக் காது சுட்டது. டாக்டரையோ மருந்துக் கம்பெனியையோ திட்டுவதற்கு அதுவரை நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன்.

"இனிமே நீங்க டோக்கன் மட்டும் கொடுங்க சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் தேவலை.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்கே அந்தப் பக்கம் போட்டுக்கிறேன்."

"போடாதீங்க" என்றார் அக்கா. "நல்ல இடத்துல நாப்பத்துநாலு போட்டா அத்தனையும் உள்ள போகும். சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயங்கி விழுந்துடுவீங்க."

அளவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். வெளியே எழுபதுக்கு மேல் டோக்கன். டாக்டர் "விட்டுட்டுப் போங்க, பாக்கிறேன்" என்றிருக்கிறார். அக்கா போகவில்லை. பதினைந்து நிமிடம் கதவோரம் நின்று, பிறகு டாக்டரை நாற்காலியிலிருந்து எழுப்பி அழைத்து வந்து, சட்டையைத் தூக்கச் சொல்லி வட்டத்தைக் காட்டினார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். தன் கையால் நாலு முறை ஏற்றி எழுதிய சீட்டைப் பார்த்தார். நாற்பத்துநாலை அடித்துவிட்டு இருபத்துநாலு என்று எழுதினார்.

கூடவே அக்கா மூன்று நிபந்தனை போட்டார். தினமும் இடம் மாற்ற வேண்டும். சர்க்கரை மீட்டரில் நாலு வேளை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அளவு நிலைக்கும் வரை இரண்டு வாரம் வண்டி எடுக்கக் கூடாது. பையில் எந்நேரமும் சர்க்கரைக் கட்டி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் நாலு.

"ஸ்டியரிங்கைக் காப்பாத்திக்கொடுங்கன்னு வந்தா, அக்கா அதைத்தான் மொதல்ல புடுங்குறாங்க" என்று மாப்பிள்ளை வழி முழுக்கப் புலம்பினார். இருந்தாலும் விடுப்பு எழுதிக்கொடுத்தார். அக்கா தினமும் மத்தியானம் போன் செய்து எண்களைக் கேட்டார். இரண்டு வாரத்தில் எண்கள் படியிறங்கின. மூன்றாம் வாரம் அவர் பஸ் எடுத்தார். என் தங்கை பழக்கதோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை பேனாவோடு வந்து நின்றிருக்கிறாள்.

ஆனால் அந்தச் சராசரி எண் சாமானியத்தில் இறங்காது. பழைய வாரங்களும் அதில் கலந்திருக்கும். "பத்து வாரத்துல ஒன்பதுக்குக் கீழ வரலாம், வராமலும் போகலாம். வரலைன்னா டிப்போவுக்கு நான் எழுதுறேன், இன்னும் கொஞ்சம் நாள் கேக்கலாம். நீங்களா அளவை ஏத்திடாதீங்க" என்று அக்கா சொன்னார். மாப்பிள்ளை "ஆமா" என்றார். பூமியில் உள்ள அத்தனை பேரில் அவரும் ஒருவர்.

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். தேநீரை வாங்கினார், பாதி சாசரில் சிந்தியது. நான் அவர் கையைப் பார்த்தேன்.

"காலையில பத்தரை மணி ட்ரிப்ல வேர்த்துக் கொட்டுச்சு மச்சான். ரோடு ரெண்டா தெரிஞ்சுது. எப்படியோ ஸ்டாப்புல கொண்டுபோய் நிறுத்திட்டேன். சர்க்கரைக் கட்டியை வாயில போட்டுக்கிட்டேன். கண்டக்டர்கிட்ட வயித்து வலின்னு சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துட்டேன்."

"எத்தனை போட்டீங்க?"

"முப்பத்துநாலு. ரெண்டு வாரமா. வியாழக்கிழமை ரிசல்ட் வருது, அதோட குறைச்சுக்குவேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டே நாள்."

நான் தலையாட்டினேன். அந்த வயிற்றில் முதல் வட்டம் போட்டவன் நான். அவருக்கு எந்த முகத்தோடு உபதேசம் செய்வது? புதன்கிழமை முழுக்க வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. எட்டு புள்ளி ஏழு. என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மாப்பிள்ளை தாளை வாங்கி, அந்தப் பழைய கடிதம் இருந்த அதே பையில் மடித்து வைத்தார். அக்காவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் எண் அவர் நினைத்ததைவிட வேகமாக இறங்கியிருந்தது.

"நோட்டைக் காட்டுங்கண்ணா."

நோட்டு அழகாக இருந்தது. பஸ் எடுத்த பிறகான ஆறு வாரத்து எண்கள், ஒரே மை, ஒரே சாய்வு, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. என் தங்கை கையெழுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியது. அக்கா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"மீட்டரைக் காட்டுங்க." பார்த்த எண்களெல்லாம் தேதியோடு மீட்டரில் பதிந்திருக்கும்.

"வீட்டுல மறந்து வச்சிட்டேன்க்கா" என்றார் மாப்பிள்ளை.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.  நான் சுவரைப் பார்த்தேன், எடை மெஷினைப் பார்த்தேன், என் தங்கையைப் பார்த்தேன். சொன்னால் அவருடைய பஸ் போகும். சொல்லாவிட்டால் எது போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வண்டியில அவருக்கு நடுக்கம் வந்துச்சுக்கா. முப்பத்துநாலு போட்டுக்கிட்டு இருக்காரு" என்றேன்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றார் அக்கா.

"பத்தரை" என்றார் அவரே.

"சார், செவ்வாய்க்கிழமை டோக்கன் நோட்டை எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். அவருடைய பத்தரை பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லாம் பதினொரு மணிக்கு ஒரு கும்பலாகத்தான் டோக்கன் வாங்குவார்கள். அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிற தையல்காரர். எட்டு மாதக் கர்ப்பிணி, கூட அவள் மாமியார். தடுப்பூசிக்கு வந்த இரட்டைக் குழந்தைகள். ஓய்வுபெற்ற தபால்காரர். படித்துக்கொண்டே போனார், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பதினாறு பேர். பதினேழாவது பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், எழுதியவன் நான்தான். காய்ச்சல் என்று என் தங்கை தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள்.

என் தங்கை நோட்டைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "வயித்து வலின்னுதானே சொன்னீங்க" என்றாள்.

"பொண்ணு எனக்குப் பின்னாடி சீட்லதான் உக்காந்திருந்தா" என்றார் மாப்பிள்ளை. "கண்ணாடியில தெரிஞ்சா. ரெண்டா தெரிஞ்சா."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணா, எட்டு புள்ளி ஏழு உங்களோடது. அந்தத் தாளை யாரும் உங்ககிட்டருந்து வாங்க முடியாது. ஆனா இதையும் நான் எழுதணும். டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. ரெண்டும் ஒரே கவர்ல போகும். உங்களுக்குத் தெரியாம எழுத மாட்டேன்."

மாப்பிள்ளை பையில் இருந்த தாளை வெளியே எடுத்தார். மடிப்பைப் பிரித்து விரலால் நீவினார். பிறகு மேசையில் அந்த வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எழுதுங்க" என்றார்.

மறுவாரம் அவரை ஷெட்டுக்கு மாற்றினார்கள். நாலு மாதம் டயருக்குக் காற்றுப் பார்த்தார். வியாழக்கிழமை தவறாமல் மீட்டரோடு அக்காவிடம் வந்தார். என் மேசையில் சீட்டை வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்வார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் தங்கைதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அளவு இருபத்தாறில் நிலைத்தது. மூன்றாவது மாதம் அக்கா அரை நாள் விடுப்புப் போட்டு டிப்போவுக்கே போய், மேனேஜர் முன்னால் நோட்டையும் மீட்டரையும் வைத்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. விடுப்புச் சீட்டு என் வழியாகப் போனதால் தெரியும்.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை நான் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பஸ் வந்தது, நின்றதே தெரியாமல் நின்றது. உள்ளே நிமிர்ந்த முதுகு. ஏறுவதா, அடுத்த பஸ்ஸில் போவதா என்று தெரியாமல் முன் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் முண்டினார்கள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"உள்ள போங்க மச்சான். படியில நிக்காதீங்க" என்றார்.

நான் உள்ளே போனேன்.